நாலு மீற்றர் வெறுநிலம்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லாததைக் காவல் காக்கிறேன் என்று சொல்வேன். கேட்பவர் சிரிப்பார். நான் பகிடிக்குச் சொல்வதில்லை. டென்மார்க்கில், நாங்கள் இருக்கும் பிராண்டே என்ற ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி ஒரு மான் பண்ணை இருக்கிறது. அதைச் சுற்றி இரண்டு வேலி. உள்வேலிக்குள் மான்கள். வெளிவேலிக்கு அப்பால் காடு. இரண்டுக்கும் நடுவில் நாலு மீற்றர் அகலத்துக்கு வெறுநிலம் ஓடுகிறது. அந்த நாலு மீற்றருக்குள் எதுவும் இருக்கக் கூடாது. எதுவும் இல்லை என்று ஞாயிறு தவிரத் தினமும் காலையில் சுற்றி நடந்து பார்த்துக் கையெழுத்து வைப்பதுதான் என் வேலை. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

என் பெயர் பாலேந்திரா. இருபத்திரண்டு வருடம் காற்றாலை இறக்கை செய்யும் இடத்தில் நின்றேன். நாரி போனது, இடுப்பு வளைக்க முடியாமல் போயிற்று. நகரசபைக்காரர் மூன்று தரம் கூப்பிட்டுக் கதைத்துவிட்டு, நாலாம் தரம் இந்த அரைநேர வேலையைப் பிடித்துத் தந்தார்கள். முதலாளி பெயர் தொர்கில். அறுபத்தைந்து வயது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். எனக்கும் அது வசதி.

தொர்கில் மானை இறைச்சிக்கு வளர்ப்பதில்லை. வளர்த்து, பெருக்கி, ஒரு பெரிய காட்டுப் பூங்காவில் கொண்டுபோய் விடுவதற்குத்தான் வளர்க்கிறார். அதற்கு அவருக்கு ஓர் அனுமதிப் பத்திரம் இருக்கிறது, பதினொரு பக்கம். வேலி எவ்வளவு உயரம், கம்பி எவ்வளவு ஆழம் மண்ணுக்குள் போகவேண்டும், கதவுக்கு எத்தனை கொளுக்கி, எல்லாம் அதில் இருக்கிறது. என்ன கண்டறியாத சட்டம் என்று முதல் கிழமை வீட்டில் வந்து புறுபுறுத்தேன். என் மகன் லவன்தான் அந்தப் பதினொரு பக்கத்தையும் வாசித்து எனக்கு விளங்கப்படுத்தினான். மானுக்கு மூளையை அரிக்கும் நோய் ஒன்று இருக்கிறதாம். வடக்கே பக்கத்து நாட்டில் வந்திருக்கிறது, இங்கே இல்லை, வந்துவிடக் கூடாது. காட்டு மானும் பண்ணை மானும் மூக்கும் மூக்கும் முட்டினாலே பிறகு ஒன்றையும் நம்ப முடியாது. உயிரோடு நிற்கும் மானைச் சோதித்து நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. கொன்று மூளையை எடுத்துப் பார்க்க வேண்டும். முட்டியது ஒன்றாக இருந்தாலும் முழுக் கூட்டத்தையும் கொல்ல வேண்டும் என்று பத்தாம் பக்கத்தில் எழுதியிருந்தது. லவன் இதையெல்லாம் டேனிஷில்தான் சொன்னான். அவன் வாயில் தமிழ் வருவது அருமை.

லவன் எங்களுக்கு ஒரே பிள்ளை. போன வருடம் ஒக்ரோபர் மாதம் வேலையிடத்தில் மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது. நான் அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம், மனுசன் கல்லாட்டம் நிக்கிறான் என்று என் காது கேட்கவே கதைத்தது. கதைக்கட்டும். வாய் இருக்கிற சனம். எனக்கு உள்ளுக்குள் ஒன்றும் நோகவில்லை என்பதுதான் உண்மை. மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். வேலியைச் சுற்றினேன். ஒழுங்கு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

என் மனைவி புஷ்பராணி வேறு மாதிரி. அவள் அழுதாள், கத்தினாள், பிறகு சாப்பாட்டை விட்டாள். விட்டாள் என்றால் முழுதாக விடவில்லை. ஒரு பிடி, இரண்டு பிடி, அதோடு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவாள். அவளுக்கு நீரிழிவு. காலையில் ஊசி போடுகிறவள் சாப்பிடாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்தவளுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு வருடத்தில் இரண்டு தரம் மயங்கி விழுந்தாள். மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தரம் விழுந்தால் எழும்புவது சந்தேகம் என்றார். நான் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

இந்த ஒக்ரோபரில் லவனின் ஆட்டைத் திவசம், முதலாம் வருடத் திதி, வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐயர் காலமையே வந்து செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போனார். புஷ்பராணி படைத்ததில் எள்ளுத் தூவிய ஒரு பிடி சோறு, கறிகள், ஒரு உழுந்து வடை, எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துப் பல்கனியில் வைத்தாள். காகம் தின்ற பிறகுதான் சாப்பாடு. அதுவரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

காகம் வரவில்லை. பிராண்டேயில் காகம் இல்லாமலில்லை. எங்கள் தொடர்மாடிக்கு அதுகள் வருவதில்லை, அவ்வளவுதான். பறவைகளுக்குச் சாப்பாடு போட்டால் எலி வரும் என்று வீட்டுச் சங்கம் இரண்டு கடிதம் அனுப்பி, போட்டவர்களைத் திருத்தி வைத்திருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஒரு கடற்பறவை வந்தது. புஷ்பராணி துவாயால் விசுக்கிக் கலைத்தாள். கீழ்வீட்டுக்காரி தலையை வெளியே நீட்டி மேலே பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஒரு மணி. இரண்டு மணி. புஷ்பராணி காலையில் ஊசியும் போட்டிருந்தாள். நீர் சாப்பிடும் என்று நான் சொன்னேன். ஐயரும் போனில் சாப்பிடலாம் அம்மா என்று சொன்னார். அவள் அசையவில்லை. அவன் வந்து தின்னாமல் நான் என்னண்டு தின்னுறது என்றாள்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அவள் மீது இல்லை. அந்தக் கோதாரி விழுந்த காகங்கள் மீது. என் பண்ணை வேலியில் அதுகள் வரிசைக்கு நிற்கும். நடுவில் இருக்கும் நாலு மீற்றரில் நான் புல்லைக் கட்டையாக வெட்டி வைப்பதால் புழு பொறுக்கவென்று எந்த நேரமும் பத்துப் பதினைந்து நிற்கும். அங்கே நாய் வராது, நரி வராது, கடற்பறவையும் வராது. இதை நான்தான் அவளிடம் சொன்னேன். சொன்னவுடனே தட்டை எடுத்து ஈயத்தாளால் மூடி என் கையில் தந்துவிட்டாள். அதற்குள் எதையும் வைக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு விடுமுறை. பண்ணையில் ஒருவரும் இல்லை. பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

வெளிவேலியின் வடக்குப் பக்கக் கதவால் உள்ளே போனேன். அந்தக் கதவுக்கு இரண்டு கொளுக்கி. மேல்கொளுக்கி தானாக விழும், கீழ்க்கொளுக்கியைத் தூக்கித் தள்ளினால்தான் கொழுவும். தட்டை நிலத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். காகங்கள் என்னைக் கண்டதும் எழும்பிப் போய்த் தூரத்து மரத்தில் குந்திக்கொண்டன. மழை தூறியது. உள்வேலிக்கு அந்தப் பக்கம் பெண்மான்களும் அந்த வருடத்துக் குட்டிகளும் நின்று என்னைப் பார்த்தன. முப்பத்தெட்டு. இன்னும் ஐந்து கிழமையில் காட்டுப் பூங்காவுக்குப் போக இருந்தவை.

ஒரு மணித்தியாலம் நின்றேன். காகம் இறங்கவில்லை. கா கா என்று கூப்பிட்டும் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயதில் ஓர் ஆண்பிள்ளை டென்மார்க் காட்டோரம் மழையில் நின்று கா கா என்கிறான். பார்த்தவர்கள் நகரசபைக்குப் போன் அடித்திருப்பார்கள். நேரம் நாலரை. அவள் தனியே வீட்டில் இருக்கிறாள். எனக்கு அந்த மருத்துவரின் முகம் நினைவுக்கு வந்தது.

போனை எடுத்து அடித்தேன். “காகம் வந்து தின்டிட்டுது, புஷ்பம். நீர் இனிச் சாப்பிடும்” என்றேன்.

மழைத் துளி போனில் விழுந்தது. பிறகு ஓம் என்றாள். போனை வைக்கவேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் மேசையில் போனை வைத்துவிட்டுச் சோறு போடும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு அவள் மெல்லும் சத்தம் கேட்டது. ஒரு பிடி இல்லை, இரண்டு பிடி இல்லை, மென்றுகொண்டே இருந்தாள். நான் போனைக் காதில் அமத்திப் பிடித்தபடி கதவால் வெளியே வந்து, காருக்கு நடந்து, காருக்குள் இருந்தும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கோப்பை கழுவும்வரை கேட்டேன்.

கீழ்க்கொளுக்கியை நான் தூக்கித் தள்ளவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனபோது வடக்குக் கதவு அகலத் திறந்து கிடந்தது. தட்டு கவிழ்ந்திருந்தது. சோறு சேற்றோடு சேர்ந்து மிதிபட்டுக் கிடந்தது. நாலு மீற்றர் முழுக்க மேலும் கீழுமாகக் குளம்படிகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். அது இணைசேரும் காலம். காட்டு ஆண்மான் ஒன்று உள்ளே வந்து, உள்வேலிக் கம்பியோடு முகத்தை வைத்துப் பெண்மான்களைத் தேடி நடந்திருக்கிறது. கம்பியில் அதன் செம்பட்டை மயிர் பிடிபட்டிருந்தது. உள்ளே நின்ற பெண்மான்களின் மயிரும் அதே இடத்தில் இருந்தது. மூக்கும் மூக்கும் முட்டியதோ என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

நான் பதறவில்லை. அதைத்தான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். தட்டை எடுத்துக் காருக்குள் போட்டேன். கதவைப் பூட்டினேன். கம்பியில் இருந்த மயிரை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பிறகு கொட்டிலுக்குப் போய்ப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து திகதியைப் போட்டு, ஒழுங்கு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கை தன்பாட்டில் எழுதியது.

பத்து மணிக்கு அரசாங்கப் பரிசோதகர் வந்தார். மான்களை வெளியில் விடுவதற்கு முன் கடைசிப் பரிசோதனை. முன்னமே அறிவித்து வருகிற வரவுதான். துஷாரா என்று ஒரு தமிழ்ப் பிள்ளை, இங்கே கோல்டிங் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள், மிருக வைத்தியம் படித்தவள். முன்பு இரண்டு தரம் வந்திருக்கிறாள். இரண்டு தரமும் என்னோடு டேனிஷில்தான் கதைத்தாள். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். இந்த நாட்டு வழக்கம் அது, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

மூவரும் வேலியைச் சுற்றினோம். உயரம் அளந்தாள், கம்பியை இழுத்துப் பார்த்தாள், நல்லது நல்லது என்று தொர்கிலுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த மனிதரின் முகத்தில் நான் சிரிப்பைக் கண்டது அன்றைக்குத்தான். பதினாலு வருடமாக வளர்த்த கூட்டம். முதல்முறையாக வெளியில் விட அனுமதி கிடைக்கப் போகிறது.

வடக்குக் கதவடியில் துஷாரா நின்றாள். குந்தியிருந்து சேற்றைப் பார்த்தாள். கையுறை போட்ட விரலால் எதையோ கிளறி எடுத்தாள். அரைவாசி உழுந்து வடை. ஒரு டேனிஷ்காரர் வந்திருந்தால் பாண் துண்டு என்று எறிந்துவிட்டுப் போயிருப்பார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த சோற்றையும் எள்ளையும் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து முதல்முறையாகத் தமிழில் கேட்டாள்.

“ஆரின்ரை திவசம், அங்கிள்?”

“மகன்ரை” என்றேன்.

அவள் வடையைத் திரும்ப நிலத்தில் வைத்தாள். என்ன அது என்று தொர்கில் கேட்டார். சாப்பாட்டு மிச்சம் என்று டேனிஷில் சொன்னாள். பிறகு ஒரு குளம்படிக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்தாள். வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல், தொர்கிலுக்கு விளங்காத எங்கள் பாசையில், அவசரமில்லாமல் சொன்னாள்.

“சாப்பாடு போட்டதெண்டா அதுக்கு ஒரு எச்சரிக்கைதான். அதை நான் எழுதிவிடுவன். இந்தக் குளம்படி, உங்கடை மான் ஒண்டை இதுக்குள்ளால வேறை பக்கம் மாத்திற நேரம் பட்டதெண்டாலும் பிரச்சினை இல்லை. கதவு பூட்டித்தானே இருந்தது?”

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அதைத்தான் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. முப்பத்தெட்டு உயிரும் பிழைக்கும், தொர்கிலின் பதினாலு வருடமும் பிழைக்கும், புஷ்பராணிக்கு ஒன்றும் தெரியவராது. ஆனால் அந்தக் கூட்டம் காட்டுக்குள் போன பிறகு அதற்குள் நோய் இருந்தால், அனுமதிக்குக் கையெழுத்து வைத்தது இந்தப் பிள்ளையாக இருக்கும். லவனைவிட இரண்டு வயது இளமையாக இருப்பாள். நான் இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்று பெருமை பேச மாட்டேன். பொய் சொல்வதற்கும் உடம்பில் கொஞ்சம் உசார் வேண்டும். இருந்த உசாரை நான் முதல்நாள் போனில் செலவழித்துவிட்டேன்.

“இல்லைப் பிள்ளை. கதவு திறந்து கிடந்தது. காட்டு மான் உள்ளுக்கு வந்து போட்டுது” என்றேன். சட்டைப் பையிலிருந்து அந்த மயிரை எடுத்து நீட்டினேன்.

வடிவாக யோசித்துச் சொல்லுங்கோ என்றாள். யோசித்துவிட்டேன் என்றேன். அவளுடைய கண் கலங்கியிருந்தது, என்னுடையது கலங்கவில்லை. அவள் எழும்பித் தொர்கில் பக்கம் திரும்பி டேனிஷில் சொல்லத் தொடங்கினாள். தொர்கில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மான்களுக்குக் கிழங்கு போடும் நேரம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் சுடுகிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மான்களை நாலு நாலாகக் கொட்டிலுக்குள் ஓட்டுவது தொர்கிலின் வேலை. பின்னால் கதவைச் சாத்துவது என் வேலை. அன்றைக்கு ஒவ்வொரு தரமும் சரியாகப் பூட்டினேன். இரண்டு கொளுக்கியும். காலை எட்டரைக்குத் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்தது. கடைசியாகப் போனவை குட்டிகள். நான் எண்ணிப் பத்திரத்தில் முப்பத்தெட்டு என்று எழுதினேன். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்தேன். நித்திரை வந்தது.

புஷ்பராணிக்கு நான் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? திவசத்துக்குப் பிறகு அவள் சாப்பிடுகிறாள். நேரத்துக்கு ஊசி போட்டு, நேரத்துக்கு ஒரு கோப்பைச் சோறு. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகத் தொடங்கிவிட்டாள். அந்தக் கோப்பைச் சோற்றுக்குத்தான் இவ்வளவும் நடந்தது என்று நினைத்துக்கொள்வேன். நினைத்தால் ஒரு கணக்கு நேராக வரும். நான் பொய் சொன்னேன், அவள் பிழைத்தாள், மான்கள் செத்தன. மோசமான கணக்குத்தான். என்றாலும் கணக்கு.

நவம்பர் கடைசியில் ஆய்வுகூடத்து முடிவு வந்தது. தொர்கில் கடதாசியை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். ஒன்றுக்கும் நோய் இல்லை. முப்பத்தெட்டும் நல்ல சுகத்தோடு செத்திருக்கின்றன. அவர் கடதாசியை வாங்கி மடித்து வைத்துவிட்டு, வசந்தத்தில் புதுக்கூட்டம் வாங்க இனித் தனக்கு வயதில்லை என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த கையோடு, சப்பாத்தையும் கழற்றாமல், எல்லாவற்றையும் புஷ்பராணிக்குச் சொன்னேன். காகம் வராததை, கதவை, ஆண்மானை, சுட்டதை.

அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். “குட்டியளையுமோ?”

ஓம் என்றேன்.

அவள் கதிரையில் இருந்தாள். காகம் வரவில்லை என்று தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். ஒரு காகம் இறங்கினால் பத்துக் காகம் கத்துமாம். போனில் மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லையாம்.

“தெரிஞ்சுகொண்டோ சாப்பிட்டனீர்?” என்று கேட்டேன்.

“நீங்கள் காலமை தொடக்கம் ஒண்டும் தின்னாமல் மழைக்குள்ளை நிக்கிறியள். நான் தின்னாட்டி நீங்களும் தின்னமாட்டியள். பொய் சொல்லியும் என்னைத் தின்னப் பண்ணுற மனுசன் செத்துப்போனா எனக்கு ஆரிருக்கு எண்டு நினைச்சன். உங்களுக்காகத்தான் சாப்பிட்டனான்.”

நான் சாப்பிட்டிருந்தேன். பண்ணைக்குப் போகும் வழியில், பிரதான வீதிப் பெற்றோல் நிலையத்தில், பாணுக்குள் வைத்த இறைச்சிச் சொசேச் ஒன்று. மகன்ரை திவசத்துச் சோறு பக்கத்து ஆசனத்தில் இருக்க, காருக்குள் இருந்து, கடுகுச் சோசும் பொரித்த வெங்காயமும் போட்டுத் தின்றேன். பசித்தது, தின்றேன், அவ்வளவுதான். பிழை என்றுகூட அப்போது படவில்லை. துஷாராவுக்குக் கதவைப் பற்றி உடனே சொன்ன எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் சொன்னேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

புஷ்பராணி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. வெட்டிய வெங்காயத்தை ஒரு பக்கம் ஒதுக்கினாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளப் பார்க்கிற பிள்ளையின் முகம்.

“அப்ப அந்த மானெல்லாம் ஆருக்காகச் செத்ததுகள்?” என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அந்த இடத்தில்தான் எனக்கு நொந்தது. லவனுக்காகவோ, அந்தக் குட்டிகளுக்காகவோ, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனிதருக்காகவோ, பிரித்துச் சொல்லத் தெரியாமல் நெஞ்செல்லாம் நொந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எழும்பி வந்து, முதலில் சப்பாத்தைக் கழற்றுங்கோ என்றாள்.